குட்டை வான்கம்பியும் அதன் தொப்பியும்

வானொலி அலைகளை வெளியிற் செலுத்துதற்கும் வெளியினின்று வாங்குதற்கும் இன்றியமையாத உறுப்பு வான்கம்பியாகும். ஏரியல் என்றும் அன்ரெனா என்றும் மக்கள் வழங்குவது இதனையே. செலுத்தும் கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் வான்கம்பி சீர்கெட்டிருப்பின் அக்கருவி ஊமைக்கு ஒப்பாகும். ஆயினும் கருவிக்குப் பணஞ் செலவிடுவோர் பலர். வான்கம்பிக்குச் சிந்தனை செலவிடுவோர் மிகச் சிலரே. வான்கம்பி வகைகளுள் நிலத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தப்படும் ஒற்றைத் தண்டு மிகப் பழையது, அமைப்பில் எளியது. ஆனால் அது வேண்டும் உயரமோ எளிதன்று. வேண்டிய உயரத்துக்கு நிறுத்த இயலாத தண்டின் குறையை, அதன் உச்சியிற் சூட்டப்படும் கொள்ளளவத் தொப்பி எங்ஙனம் தீர்க்கின்றது என்பதையும், நற்பிட்டிமுனை, கல்முனை முதலிய நம் கரையூர்களுக்கு அவ்வறிவு எவ்வாறு உதவும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் உயரத்தின் கணக்கைக் காண்போம். வானொலி அலை ஒரு செக்கனில் 3,00,000 கிலோமீற்றர் செல்வது. செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கின்றதோ அவ்வெண்ணே அதன் மீடிறன். வேகத்தை மீடிறனால் வகுக்க அலைநீளம் கிடைக்கும். நிலத்தின்மேல் நிற்கும் தண்டு அலைநீளத்தின் நாலிலொரு பங்கு உயரமுடையதாயின் அது தானாகவே பரிவுறும்; செலுத்தியின் வலுவைத் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். மத்திய அலையில் 1000 கிலோஹேர்ட்சில் ஒலிபரப்பும் நிலையத்தின் அலைநீளம் 300 மீற்றர். அதற்கு 75 மீற்றர்த் தூண் வேண்டும். வானொலி ஆர்வலர் வழங்கும் 80 மீற்றர்ப் பட்டையில் 3.6 மெகாஹேர்ட்சை எடுத்துக்கொண்டால் அலைநீளம் 83 மீற்றரைச் சற்றுக் கடக்கும். அதன் காற்பங்கு ஏறத்தாழ 21 மீற்றர். நன்கு வளர்ந்த தென்னையின் உயரம் அது. தென்னை தானே வளரும். அலுமினியக் குழாயோ நாமே நிறுத்தவேண்டியது. வளவில் ஒருவர் வசதியாக நிறுத்தக்கூடியது ஐந்தாறு மீற்றர்தான்.

குட்டைத் தண்டை அப்படியே நிறுத்தினால் வருவது யாது? தண்டின் அடியில் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றோம். அம்மின்னோட்டம் மேலேறிச் செல்லச் செல்லக் குறைந்து, நுனியில் இல்லாதொழிகின்றது. நுனிக்கு அப்பால் அது போவதற்கு இடமில்லை. இதனை நம் மட்டக்களப்பு வாவியைக் கொண்டே விளக்கலாம். கடலோடு தொடர்புற்ற, உட்புறம் அடைபட்ட ஓர் ஓடையைக் கருதுக. கடல் ஏறும்போது நீர் ஓடைக்குள் வரும், வற்றும்போது வெளியேறும். வாயருகே நீரோட்டம் தெரியும்; உட்செல்லச் செல்ல ஓட்டம் தளரும்; அடைபட்ட கோடியில் நீர் சிறிது உயர்ந்து தாழ்வதன்றி ஓடுவதில்லை. அவ்வோடையின் கோடி அகன்றதொரு வாவிக்குள் திறக்குமாயின் நிலை மாறும். வாவியை நிரப்புதற்கும் வடிப்பதற்கும் வேண்டிய நீர் முழுவதும் அவ்வொடுங்கிய வழியாகவே செல்லவேண்டுமாதலின், ஓடையின் நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே விசையுடன் நீர் பாயும். முகத்துவாரம் வெட்டப்பட்ட நாள்களில் அதனருகே நின்று பார்த்தவர் இவ்விசையை அறிவர்.

தண்டு அவ்வோடை, மின்னேற்றம் அந்நீர். தண்டின் உச்சியில் மின்னேற்றம் தங்குவதற்கு அகன்றதோர் இடம் அமைத்துவிட்டால் மின்னோட்டம் நுனியிற் சாகாது, தொப்பிவரை ஓடிச் செல்லும். தண்டின் உச்சியிற் கிடையாகப் பொருத்தப்படும் ஆரக்கம்பிகளோ, வட்டத்தகடோ, வளையமோ இவ்விடத்தை அளிக்கின்றது. மின்னேற்றத்தை ஏற்று வைத்திருக்கும் ஆற்றலைக் கொள்ளளவம் என்கின்றோமாதலின் இவ்வுறுப்புக்குக் கொள்ளளவத் தொப்பி என்னும் பெயர் பொருந்துவதாயிற்று.

இங்கு ஒரு தப்பெண்ணத்தை விலக்கவேண்டும். தொப்பியிலிருந்தே அலைகள் விரிந்து செல்கின்றன என்று கருதுவோர் உளர். அங்ஙனமன்று. தொப்பியின் ஆரங்களில் மின்னோட்டம் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் பிரிந்து ஓடுகின்றது. கிழக்கே ஓடுவதை மேற்கே ஓடுவது ஈடுசெய்துவிடுகின்றது. சேய்மையிலுள்ளோர்க்கு இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆகவே தொப்பி வீசுவதில்லை. தண்டை நன்றாக வீசச் செய்கின்றது. அலையை எழுப்புவது தண்டின் ஒவ்வொரு கூறிலும் ஓடும் மின்னோட்டமே. தொப்பியற்ற தண்டில் மின்னோட்டத்தின் படத்தை வரைந்தால் அடியில் அகன்று நுனியிற் கூராகும் முக்கோணம் கிடைக்கும். மிகப் பெரிய தொப்பியுடைய தண்டில் அது செவ்வகமாகும். ஒரே அகலமும் ஒரே நீளமும் உடைய முக்கோண வயலிலும் செவ்வக வயல் இருமடங்கு விளைநிலம் உடையதன்றோ? அதுபோலச் சேய்மையில் எழும் அலையின் வலிமை இருமடங்காகும். வலு, அலைவலிமையின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின், அதே மின்னோட்டத்துக்கு வீசப்படும் வலு நான்கு மடங்காகும்.

இந்நான்கு மடங்கை எண்ணால் உணர்த்துவதற்கே கதிர்ப்புத் தடை என்னும் கருத்து எழுந்தது. வான்கம்பி அலைகளாக வெளியே விடும் வலுவை, ஒரு தடையிற் செலவாகும் வலுவைப்போல வைத்து எண்ணுவதே இது. குட்டைத் தண்டொன்றின் உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, வந்ததை வர்க்கித்து 395 ஆற் பெருக்கினால் தொப்பியற்ற தண்டின் கதிர்ப்புத் தடை ஓமில் கிடைக்கும். மின்னோட்டம் முழுவதும் சமமாயின் 1579 ஆற் பெருக்கவேண்டும். நம் 3.6 மெகாஹேர்ட்சில் 6 மீற்றர்த் தண்டை எடுத்துக்கொள்வோம். முதற்கணக்கில் 2 ஓமுக்குச் சற்று மேல் வரும். இரண்டாவதில் 8 ஓமுக்குச் சற்று மேல் வரும். முதலாவது வெறுந்தண்டின் நிலை. இரண்டாவது எத்துணைப் பெரிய தொப்பி வைத்தாலும் கடக்கலாகாத எல்லை. செய்யத்தகும் தொப்பிகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும்.

கதிர்ப்புத் தடை கூடினால் நன்மை என்ன என்று மாணவர் வினவுவது முறையே. செலுத்தி தரும் 100 உவாற்று எங்கும் ஓடிப்போய்விடுவதில்லையே, 2 ஓமாயினும் 8 ஓமாயினும் அது அலையாகத்தானே வெளிவரவேண்டும் என்பர். வேறு தடை யாதும் இல்லையாயின் அவர் சொல்வது முற்றும் உண்மை, தொப்பியே வேண்டுவதில்லை. ஆனால் அதே மின்னோட்டம் மண்ணினூடும் சுருளினூடும் செல்கின்றது. மூன்று தடைகளும் வரிசையில் நின்று வலுவைத் தத்தம் அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. கதிர்ப்புத் தடை சிறிதாயின் பெரும்பங்கு மண்ணைச் சூடாக்கவே போகும்.

சுருள் எங்கிருந்து வந்தது எனின், குட்டைத் தண்டு பரிவுறாது; மின்னோட்டத்தைக் கொள்ளளவம்போல் எதிர்த்து நிற்கும். 25 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள 6 மீற்றர்க் குழாய் 3.6 மெகாஹேர்ட்சில் ஏறத்தாழ 640 ஓம் எதிர்த்தாக்கம் காட்டும். இதனை ஈடுசெய்வதற்கு அடியில் 28 மைக்கிரோஹென்றி அளவுள்ள தூண்டுசுருள் வேண்டும். நன்றாகச் சுற்றிய சுருளாயினும் அதன் செம்புக்கம்பியில் 3 ஓமுக்கு மேல் நட்டத்தடை இருக்கும். சில கம்பிகளை மட்டும் பரப்பிய சாதாரணப் புவித்தொடுப்பின் தடையை 10 ஓம் என்று கொள்வோம். அப்போது 100 உவாற்றில் அலையாவது ஏறத்தாழ 14 உவாற்றே. எஞ்சிய 86 உவாற்றும் மண்ணுக்கும் சுருளுக்கும் இட்ட பலி.

இனி அதே தண்டின் உச்சியில் 1 மீற்றர் நீளமுள்ள ஆறு ஆரங்களை வைத்து அவற்றின் நுனிகளைக் கம்பியால் வளைத்துக் கட்டுவோம். இத்தொப்பியின் கொள்ளளவம் ஏறக்குறைய 50 பிக்கோபரட்டு ஆகும். இது தண்டை 19 பாகை மேலும் நீட்டியதற்குச் சமம். உச்சியில் மின்னோட்டம் பூச்சியமாவதற்கு மாறாக அடியிலுள்ளதன் பாதிக்கு அண்மையதாக நிற்கும். கதிர்ப்புத் தடை நாலரை ஓமாக உயரும். எதிர்த்தாக்கமும் ஏறக்குறைய 310 ஓமாகக் குறையுமாதலின் சுருளிற் பாதிச் சுற்றுகளைக் குறைத்துவிடலாம். சுருளின் நட்டமும் ஒன்றரை ஓமாகச் சுருங்கும். இப்போது 100 உவாற்றில் 28 உவாற்று அலையாகின்றது. செலுத்தியின் வலுவை 200 உவாற்றாக உயர்த்தியதால் வரும் பயன், சில அலுமினியக் குச்சிகளாலும் ஒரு வளையத்தாலும் வந்துவிட்டது. அன்றியும், தண்டு தாங்கும் அழுத்தமும் குறைகின்றது. முன்னர் 1600 வோல்ற்றைத் தாண்டி நின்ற அடி அழுத்தம் 800 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கும். பட்டையகலமும் ஏறத்தாழ இருமடங்காகும். மீடிறனைச் சிறிது மாற்றும்போதெல்லாம் ஓடிச்சென்று சுருளைத் திருத்தவேண்டிய தொல்லை குறையும்.

தொப்பியை எவ்வளவு பெரிதாக்குவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. தனித்து நிற்கும் வட்டத்தகட்டின் கொள்ளளவம் அதன் பரப்பைப் பொறுத்ததன்று, விட்டத்தைப் பொறுத்தது. 1 மீற்றர் ஆரையுள்ள முழுத்தகட்டுக்கு 71 பிக்கோபரட்டு. ஆரையை இரட்டித்தால் கொள்ளளவமும் இரட்டிக்குமேயன்றி நான்மடங்காகாது. ஆதலின் தகடு போட்டு மூடுவது பயனற்ற வேலை. ஆறோ எட்டோ ஆரங்களும் சுற்றுக்கம்பியும் இருந்தால் முழுத்தகட்டின் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். காற்றோ தகட்டைப் பாயாக எண்ணித் தள்ளும்; கம்பிகளின் ஊடே புகுந்து போய்விடும். ஒரு பழைய துவிச்சக்கரவண்டிச் சில்லைத் தண்டின்மேற் பொருத்தினாலும் 20 பிக்கோபரட்டு வரை கிடைக்கும். நம் கணக்கில் 14 உவாற்று 21 உவாற்றாகும். காசு செலவின்றிச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்க்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் கருத்து. கம்பிச்சில்லாயின் துருவேறாத அலுமினிய விளிம்புடையது மேல்.

உச்சியிலிருந்து கிடையாக அன்றிச் சாய்வாகக் கீழிறங்கும் இழுகம்பிகளையே தொப்பியாக்குவதும் உண்டு. தண்டைக் காற்றிற் சாயாது பிடிக்கும் கம்பிகளின் மேற்பகுதியைத் தண்டோடு மின்முறையில் இணைத்து, அப்பகுதியின் முடிவில் காவலி வைத்துவிட்டால், விரித்த குடைபோன்ற தொப்பி அமையும். இதற்குக் குடை வான்கம்பி என்றே பெயர். தனியே பாரமேற்றுவதில்லையாதலால் எளிதானது. ஆயினும் அளவு மீறலாகாது. சாய்ந்திறங்கும் கம்பியில் மின்னோட்டம் கீழ்நோக்கி ஓடுகின்றது. தண்டில் ஏறும் மின்னோட்டத்தின் பயனை ஓரளவு அழிக்கின்றது. குடையைத் தண்டின் பாதி உயரத்துக்கும் கீழே இறக்கினால் சேர்த்த கொள்ளளவத்தின் ஆதாயத்தை இவ்வழிவு விழுங்கத் தொடங்கிவிடும்.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. மார்க்கோனி 1895 இல் தம் தந்தையார் வளவில் செய்த பரிசோதனைகளிலேயே உயர்ந்த கம்பியின் நுனியில் உலோகப் பாத்திரங்களையும் தகடுகளையும் தொங்கவிட்டார். அவற்றால் செய்தி செல்லும் தூரம் கூடுவதைக் கண்டார். ஆதலின் தொப்பி, வானொலியோடு உடன்பிறந்தது. அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடக்கச் செய்தி அனுப்ப அவர் இங்கிலாந்தின் போல்டூவில் 20 உயர்ந்த மரத்தூண்களை வட்டமாக நிறுத்தியிருந்தார். 1901 செத்தெம்பரில் வீசிய புயல் அவற்றை வீழ்த்திவிட்டது. அதன்பின் இரு தூண்களுக்கிடையே விசிறிபோற் கட்டிய எளிய கம்பித்தொகுதியே 1901 டிசெம்பர் 12 அன்று நியூபவுண்லாந்துக்குச் செய்தியைக் கொண்டுசென்றது. அக்காலக் கப்பல்களில் இரு பாய்மரங்களுக்கிடையே கிடையாகக் கட்டி நடுவிலிருந்து கீழே இறக்கப்பட்ட வான்கம்பியும் தொப்பியுடைய தண்டே. கடலில் இடருற்றோர் அழைத்த 500 கிலோஹேர்ட்சின் அலைநீளம் 600 மீற்றர். 150 மீற்றர்ப் பாய்மரம் எக்கப்பலிலும் இல்லை. மேலே கிடந்த கம்பி அக்குறையைத் தீர்த்தது. கொழும்பு, சென்னை ஆகிய கரையோர நிலையங்கள் செவிகொடுத்திருந்த அம்மீடிறனின் கட்டாயக் காவல் 1999 இல் உலகளவில் முடிவுற்றது.

சுவீடன் நாட்டின் கிரிமெற்றனில் 1924 தொடக்கம் நிற்கும் நிலையம் கண்கூடான சான்று. 127 மீற்றர் உயரமுள்ள ஆறு கோபுரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் 46 மீற்றர் நீளக் குறுக்குக்கை, அவற்றின்மேல் நெடுங்கம்பிகள். 17.2 கிலோஹேர்ட்சில் இயங்கும் அந்நிலையத்தின் அலைநீளம் 17 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அவ்வலைக்கு 127 மீற்றர் என்பது முழங்காலளவும் அன்று. கம்பிக்கூரை முழுவதும் தொப்பியே. யுனெஸ்கோ 2004 இல் இதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், திருநெல்வேலி மாவட்டத்து விசயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 இல் நிறுவப்பட்டது. நீருள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அதன் பணி. உப்புநீர் உயர் மீடிறன் அலைகளைப் புகவிடாது. மிகத் தாழ்ந்த மீடிறன்களே பத்து இருபது மீற்றர் ஆழம்வரை செல்லும். அதன் பொருட்டு அந்நிலையம் 18.2 கிலோஹேர்ட்சைப் பயன்படுத்துகின்றது. அலைநீளம் பதினாறரைக் கிலோமீற்றர். காற்பங்கு நான்கு கிலோமீற்றருக்கு மேல். இமயத்தின் சிகரங்களிற் பாதியளவு உயர்ந்த தூணை யாரே எழுப்பவல்லார்? அங்கு நடுவே 301 மீற்றர்த் தூண் ஒன்றும், அதனைச் சூழ 276 மீற்றர்த் தூண்கள் ஆறும், அவற்றுக்கு வெளியே 227 மீற்றர்த் தூண்கள் ஆறும் நிற்கின்றன. பதின்மூன்று தூண்களும் சுமப்பது ஒரு மாபெரும் கம்பிக் குடையை. மேற்சொன்ன விதிப்படி கணக்கிட்டால், அத்துணைப் பெரிய குடை இருந்தும் 301 மீற்றர்த் தண்டின் கதிர்ப்புத் தடை அரை ஓமளவைத்தான் எட்டமுடியும். குடை இல்லையாயின் ஓமில் எட்டிலொரு பங்கே. 301 மீற்றர் எஃகு நின்றும் அது குட்டையே என்பதை நினைக்கும்போது உயரம் குட்டை என்னும் சொற்கள் அலைநீளத்தை நோக்கியே பொருள்படும் என்பது நன்கு விளங்கும். நம் வளவின் 6 மீற்றர்க் குழாய், தன் அலையை நோக்க, அத்தூணிலும் நான்கு மடங்கு நெடியது.

இனி நம் கரைக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26 காலை எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனக் கரையை ஒட்டிய ஊர்கள் அடையாளமின்றிப் போயின. அக்காலை எவ்வூரில் என்ன நடந்தது என்பதைத் தலைநகர் அறிய நேரஞ் சென்றது. தொலைபேசிக் கம்பங்கள் வீழ்ந்தன, வீதிகளும் பாலங்களும் துண்டிக்கப்பட்டன. அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில், ஆர்வலர் வானொலிப் பயணமொன்றின்பொருட்டுத் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும் தம் கருவியை உடனே உதவிச் சேவைக்கு மாற்றினர்; தீவுகளிலிருந்தோர் நலஞ் சொல்லும் செய்திகள் அவர்வழி இந்தியப் பெருநிலத்தை அடைந்தன. இலங்கையிலும் விக்ரர் குணத்திலக்க தலைமையிலான வானொலிக் கழகத்தினர் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் தொடர்பு உண்டாக்கினர். கம்பமும் கோபுரமும் வேண்டாது, ஒரு மின்கலமும் சிறு செலுத்தியும் ஒரு வான்கம்பியுமே கொண்டு நாட்டின் மறுகோடியோடு பேசலாம் என்பதற்கு இவை சான்று. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியை நினைவுகூரும் முதியோர் நம்மிடையே இன்றும் உளர். நெடிய தென்னைகளே முறிந்து கிடந்த அந்நாளில் 21 மீற்றர்க் கம்பம் எது நின்றிருக்கும்? 6 மீற்றர்த் தண்டோ, புயல் வருமுன் இருவர் படுக்க வைத்து, புயல் போனபின் கால்மணி நேரத்தில் மீண்டும் நிறுத்தத்தக்கது. எனவே குட்டை வான்கம்பியை நன்றாக வேலை செய்யவைப்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

எனினும் ஒரு வேற்றுமையை மறைத்தல் முறையன்று. கல்முனைக்கும் கொழும்புக்கும் நேர்த்தொலைவு ஏறத்தாழ 220 கிலோமீற்றர். இவ்விடைத்தூரத்துக்கு அலை செங்குத்தாக வானேறி அயன மண்டலத்திற் பட்டுத் திரும்புவதே சிறந்த வழி. செங்குத்துத் தண்டோ அலையைத் தாழ்வாக நாற்புறமும் வீசுவது. நேர் மேலே அது குருடு. கொழும்போடு பேசுவதற்குத் தாழக் கட்டிய கிடைக்கம்பியே ஏற்றது என்று கூறிவிடவேண்டும். இரு தென்னைகளுக்கிடையே அதைக் கட்டிவிடலாம். தண்டின் சிறப்பு வேறிடத்தது. கடலின்மேல் தரையலையாகப் படர்ந்து செல்லும் தாழ்வீச்சு, ஆழ்கடலில் நாட்கணக்கிற் தங்கும் படகுகளை எட்டுதற்கும், இரவில் சேய்மை நாடுகளைத் தொடுதற்கும் உதவும். இடர்க்கால நிலையம் அமைப்போர் இரண்டையும் வைத்திருத்தல் நன்று. ஒன்றின் பணியை மற்றையது செய்யாது.

இடத்தேர்விலும் நம் நிலவமைப்பு பேசுகின்றது. கடற்கரையின் மேல்மணல் உலர்ந்தது. மின்னை நன்கு கடத்தாதது. கடல்நீரோ நல்ல கடத்தி. நற்பிட்டிமுனை கல்முனைக்கு மேற்கே, வயலும் ஈரநிலமும் சார்ந்து கிடக்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர் அது. அங்குள்ள ஈரக்களி உலர்மணலினும் பன்மடங்கு நல்ல புவித்தொடுப்பைத் தரவல்லது. எங்கு நிறுத்தினும் தண்டின் அடியிலிருந்து நாற்புறமும் கம்பிகளைப் பரப்புதல் இன்றியமையாதது. 1937 இல் பிரவுண், லூயிஸ், எப்ஸ்ரைன் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வின்பின் ஒலிபரப்பு நிலையங்கள் 120 கம்பிகளை நிலத்திற் பரப்புவதை வழக்கமாக்கின. வளவில் அத்தனை இயலாது. தண்டளவு நீளமுள்ள 16 கம்பிகள் இயலும். நம் கணக்கிற் புவித்தடையை 10 ஓமிலிருந்து 5 ஓமாக்கினால் தொப்பியுடைய தண்டின் பயன் 28 உவாற்றிலிருந்து 41 உவாற்றாகும். தொப்பியின்றிக் கம்பிமட்டும் பரப்பினால் 20 உவாற்று. தலையிலும் காலிலும் ஒருங்கே செலவிடுவோனே ஆதாயம் பெறுவான். கடையிற் கிடைக்கும் வலுப்பெருக்கியை வாங்கி மண்ணைச் சூடாக்குவோரைக் காணும்போது இரக்கமே உண்டாகின்றது.

செய்கை முறையிற் சில சொல்வோம். தண்டு அடியில் காவலியின்மேல் நிற்கவேண்டும்; உலர்ந்த, நெய்தடவிய வன்மரமும் தற்காலிகமாக உதவும். சுருளைத் தடித்த செம்புக்கம்பியால், நீளமும் விட்டமும் ஒத்த அளவில், சுற்றுக்குச் சுற்று இடைவெளிவிட்டுச் சுற்றுக. சிலர் சுருளைத் தண்டின் நடுவிலோ தொப்பியின் கீழோ வைப்பர். கதிர்ப்புத் தடை இன்னும் சற்று உயரும். ஆனால் சுருள் பெரிதாகி உச்சி பாரமாகும். நம் கரையின் காற்றுக்கு அடியிலிருப்பதே நலம். தொப்பியைச் சேர்த்தவுடன் பரிவு தாழ்ந்துவிடுமாதலின் சுருளின் சுற்றுகளைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கவேண்டும். அலைவிகித அளவி ஒன்று கையிலிருந்தால் வேலை எளிது. குறைந்த வலுவிலேயே இத்திருத்தங்களைச் செய்க. தொப்பியிலும் தண்டிலும் நிற்பது நூற்றுக்கணக்கான வோல்ற்று. சிறுவரும் ஆடுமாடும் அணுகாவண்ணம் மரவேலி அவசியம். மின்னல் காலத்தில் தண்டைப் புவியோடு இணைத்துவிட்டுக் கருவியைப் பிரித்துவைப்பது வழக்கமாகவேண்டும். செலுத்துதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் சட்டம். வாங்கிக் கேட்டுப் பயிலத் தொடங்கும் மாணவர்க்கும் இதே தண்டும் தொப்பியும் பயன்படும்.

உப்புக்காற்று நம் கரையின் நிரந்தரப் பகை. அலுமினியத்தோடு செம்பு நேரே தொடுமிடத்தில் சில மாதங்களில் வெண்பொடி பூத்து இணைப்பு அறும். இடையே கறையில் எஃகு வில்லைகளை வைத்து, மேலே கொழுப்புப் பூசவேண்டும். தொப்பியின் ஆரங்கள் தண்டைச் சந்திக்கும் திருகாணிகளிலேயே இவ்வழிவு முதலில் தோன்றும். அங்கு எழும் சில ஓம்கள், தொப்பியால் ஈட்டிய ஓம்களைத் தின்றுவிடும். வாடைக்காற்றுத் தொடங்குமுன் ஒருமுறையும், மாரி ஓய்ந்தபின் ஒருமுறையும் தண்டை இறக்கி, இணைப்புகளை உரசித் துலக்கி, காவலியிற் படிந்த உப்பை நன்னீராற் கழுவி மீண்டும் நிறுத்துவது போதுமானது.